அலமாரிக் கதவும் அரை மில்லிமீட்டரும்

சித்திரை மாதத்தில் ஒரு வீட்டில் அலமாரி செய்கிறார்கள். நல்ல தேக்கு, நல்ல கைத்திறன் உள்ள தச்சர். வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: "ஆசாரியாரே, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டைக்கு மேல் நுழையக் கூடாது." தச்சர் தயங்குகிறார், பிறகு, கேட்டபடியே செய்து கொடுக்கிறார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக் கொள்கிறது. ஒரு நாள் கதவு மூடவில்லை. "இதுதான் உங்கள் வேலையா?" என்று கேட்டு, கூலியில் மீதியைத் தர மறுக்கிறார் வீட்டுக்காரர். "மரம் ஈரம் குடித்திருக்கிறது ஐயா, தையில் தானே சரியாகிவிடும்" என்கிறார் தச்சர். அது சாக்குப்போக்கு என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்.

இதுபோன்ற வழக்கு நம் ஊர்களில் ஆண்டுதோறும் நடப்பதுதான். ஓர் உழைப்பாளியின் கூலியும் நற்பெயரும் இதில் அடங்கியிருக்கின்றன. யார் பக்கம் நியாயம்? இந்த வழக்கைத் தீர்க்க வக்கீல் வேண்டியதில்லை. பள்ளியில் நாம் படித்த பௌதிகமும் கொஞ்சம் பெருக்கல் கணக்கும் போதும்.

மரம் ஏன் பருக்கிறது?

மரம் வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, மெருகிடப்பட்ட பின்னும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். மரத்தின் உயிரணுச் சுவர்கள் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனவை. செல்லுலோஸ் மூலக்கூறுகளில் நீரைத் தம்பால் இழுத்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உள்ளன. நீர் மூலக்கூறுகள் இந்த நுண்ணிழைகளுக்கு இடையே புகும்போது இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. அதனால் மரம் பருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனியுங்கள். இந்த நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் அமைந்துள்ளன. கட்டிய விறகுச் சுள்ளிகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்தால் கட்டு பருக்கும்; நீளாது. அதுபோலவே மரமும் குறுக்குவாக்கில் பருக்கிறதேயன்றி, நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. குறுக்குவாக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் மாற்றம் மிகுதி. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத் திசையில் அதில் ஏறக்குறைய பாதிதான்.

மரத்தின் ஈர அளவை எப்படிச் சொல்வது? ஈரத்தோடு மரத்துண்டை நிறுக்க வேண்டும். பிறகு அதை 103 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள உலையில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர அளவு சதவீதமாகக் கிடைக்கும். 56 கிராம் துண்டு உலர்ந்து 50 கிராம் ஆனால், இழப்பு 6 கிராம். ஈர அளவு 12 சதவீதம்.

அறைக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 9 சதவீதத்தில் வந்து நிற்கும். ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதமாக உயர்ந்து நாள்கணக்கில் நீடித்தால் மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 13 சதவீதம் ஆகும். நம் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே வீட்டுக்குள் இவ்வளவு மாறுதல் நிகழ்வது இயல்பே.

இனிக் கணக்குப் போடுவோம்

தேக்கு மற்ற மரங்களோடு ஒப்பிடும்போது அடக்கமானது. அதன் ஈர அளவு 1 சதவீதம் கூடினால், வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் அதன் அகலம் 1000 பங்குக்கு ஏறத்தாழ 1.9 பங்கு கூடும். ஆரத் திசையில் ஏறத்தாழ 1 பங்கு கூடும்.

நம் அலமாரியின் கதவு, பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டிச் செய்த 400 மி.மீ. அகலக் கதவு என்று கொள்வோம். ஈர அளவு 9-லிருந்து 13 சதவீதத்துக்கு, அதாவது 4 சதவீதம் உயர்கிறது.

400 × 4 × 0.0019 = 3.04 மி.மீ.

ஏறத்தாழ 3 மி.மீ.! இந்த அதிகப்படி அகலம் எந்தப் பக்கம் போகும்? கீல் பக்கத்து விளிம்பு திருகாணிகளால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. அங்கே அசைய வழியில்லை. ஆகவே, முழு 3 மில்லிமீட்டரும் கைப்பிடி இருக்கும் பக்கமே வந்து சேரும். அலமாரியின் வாய் விரிந்து இடம் கொடுக்குமா என்றால், கொடுக்காது. அதன் மேற்பலகையும் அடிப்பலகையும் நீளவாக்கில் படுத்திருப்பவை. நீளவாக்கில் மரம் மாறுவதில்லை என்று மேலே பார்த்தோம். அஞ்சலட்டை நுழையும் சந்து கால் மில்லிமீட்டர் அளவுதான். கால் மில்லிமீட்டர் இடத்தில் 3 மில்லிமீட்டர் எப்படி அடங்கும்?

தச்சர் சொன்னது சாக்குப்போக்கு அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இந்த வழக்கில் கதவைப் பிடிக்க வைத்தது வீட்டுக்காரரின் பிடிவாதமே. தச்சர்மீது குறை கூறுவதானால் ஒன்றுதான் கூறலாம்: தயங்கியவர், தயக்கத்துக்குக் காரணத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

மழைக்காலத்தில் கதவு பிடித்தவுடன் இழைப்புளியை எடுக்கச் சொல்வது இன்னொரு தவறு. ஐப்பசியில் 3 மி.மீ. இழைத்துத் தள்ளினால், பங்குனியில் அதே இடத்தில் விரல் நுனி தெரியும் அளவுக்குச் சந்து விழும். இழைத்த சீவலை மீண்டும் ஒட்ட முடியாது. எனவே, பொறுத்துப் பார்க்கலாம். அவசரமென்றால் கொஞ்சமாக இழைக்கலாம்.

வெப்பம் காரணமா?

"வெயிலில் பொருள்கள் விரியும் என்று படித்தோமே; கோடையில் அல்லவா கதவு பிடிக்க வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரும்பு பீரோவின் 400 மி.மீ. அகலக் கதவை எடுத்துக்கொள்வோம். எஃகின் நீள் விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000012. வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் விரிவு,

400 × 20 × 0.000012 = 0.096 மி.மீ.

ஏறத்தாழ 0.1 மி.மீ. மட்டுமே. மரக்கதவில் ஈரம் செய்யும் மாற்றம் இதைப்போல் முப்பது மடங்கு. கோடை வெப்பத்தால் மரமும் சிறிது விரியத்தான் செய்யும். ஆனால், வெப்பத்தோடு வரும் வறட்சி அதைவிடப் பெருமளவில் மரத்தைச் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் மரக்கதவு கோடையில் தளர்ந்தும் மழையில் இறுகியும் காணப்படுகிறது.

சட்டமும் பலகையும்

இந்தத் தொல்லைக்குத் தச்சர்கள் கண்ட வழி மிக அழகானது. கதவு முழுவதையும் ஒரே பலகையாகச் செய்யாமல், இரண்டு நெடுஞ்சட்டங்கள், இரண்டு குறுக்குச்சட்டங்கள், நடுவே ஒரு பலகை என்று பிரித்துச் செய்வார்கள். சட்டங்களின் உள்விளிம்பில் காடி எடுத்து, நடுப்பலகையை அதில் செருகிவிடுவார்கள். பசை போட்டுப் பலகையை இறுக்குவதில்லை. பலகை காடிக்குள் தன் விருப்பம்போல் பருத்துக்கொள்ளலாம், சுருங்கிக்கொள்ளலாம், கதவின் வெளி அளவை அது பாதிக்காது.

இப்போது கதவின் அகலத்தை மாற்றுவது எது? குறுக்குச்சட்டங்கள் நீளவாக்கில் கிடக்கின்றன, அவை மாறுவதில்லை. நெடுஞ்சட்டங்கள் இரண்டும் 70 மி.மீ. அகலம் எனில், பருக்கும் மரத்தின் மொத்த அகலம் 140 மி.மீ. மட்டுமே.

140 × 4 × 0.0019 = 1.06 மி.மீ.

3 மி.மீ. மாற்றம் 1 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. மரத்தோடு போராடாமல், அதற்கு அசைய இடம் விட்டே இதைச் சாதித்திருக்கிறார்கள். ஒட்டுப்பலகையில் வேறு தந்திரம் கையாளப்படுகிறது. மெல்லிய தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால், ஒவ்வொரு தகட்டின் பருமனையும் அடுத்த தகட்டின் நீளவாக்கு இழைகள் தடுத்துவிடுகின்றன. அதன் அகலம் மிகக் குறைவாகவே மாறும்.

மெருகெண்ணெயோ வண்ணமோ பூசினால் ஈரம் உள்ளே செல்வது தாமதப்படும், அடியோடு நின்றுவிடாது. வெளிப்பக்கம் மட்டும் பூசி உட்பக்கத்தை விட்டுவிட்டால், ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஈரம் ஏறிப் பலகை வளைந்துவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரி பூசுவதே முறை.

திறக்கும்போது அகலம் கூடும் கதவு

சட்டத்துக்குள் பதிந்து நிற்கும் கதவில் இன்னொரு நுட்பம் உண்டு. கதவைத் திறக்கும்போது அதன் உட்பக்க மூலை ஒரு வட்டவில்லில் செல்கிறது. கீலின் ஊசி கதவின் முன்முகத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். அங்கிருந்து எதிர் விளிம்பின் முன்மூலைக்குள்ள தொலைவு 400 மி.மீ. ஆனால், உள்மூலைக்குள்ள தொலைவு அதைவிடச் சற்று மிகுதி. கதவின் கனம் 20 மி.மீ. என்றால், பிதாகரஸ் தேற்றத்தின்படி அத்தொலைவு 400-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும் சேர்ந்த தொகையின் வர்க்கமூலம், அதாவது 400.5 மி.மீ.

ஆகவே, கதவு அசையாமல் நிற்கும்போது சட்டத்தோடு பொருந்தினாலும், திறக்கும்போது அரை மில்லிமீட்டர் அதிகம் கேட்கிறது. கதவின் அகலம் 200 மி.மீ. மட்டும் என்றால் அது கேட்கும் இடம் ஒரு மில்லிமீட்டர். குறுகிய, கனத்த கதவுக்குத்தான் அதிக இடம் தேவை! கைதேர்ந்த தச்சர் அந்த விளிம்பை உட்பக்கம் நோக்கிச் சற்றே சாய்த்து இழைப்பதன் காரணம் இதுவே. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சந்து குறுகலாகவே தெரியும்.

அளவுநாடாவின் வரம்பு

அளப்பதிலேயே பிழை உண்டு. நல்ல அளவுநாடாவின் தொடக்கத்தில் ரோம எண் இரண்டு பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இது இரண்டாம் துல்லிய வகுப்பைக் குறிக்கும். இந்த வகுப்பு நாடா ஒரு மீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது, தரமான இரண்டு நாடாக்கள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் மாறுபட்டாலும் இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதாம். அலமாரியை ஒரு நாடாவாலும் கதவை வேறு நாடாவாலும் அளக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாடாவின் நுனியிலுள்ள கொக்கி சற்றே ஆடும். அது பழுது என்று எண்ணிப் பலர் அதைச் சுத்தியால் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கைக் கெடுக்காமலிருக்க, அந்தக் கனத்தின் அளவுக்கே அது நகருமாறு செய்துள்ளார்கள்.

பல தச்சர்கள் நாடாவையே நம்புவதில்லை. ஒரு குச்சியை எடுத்து, அலமாரியின் வாயில் வைத்துக் கோடு கிழித்து, அக்கோட்டை நேரே கதவுப் பலகைக்கு மாற்றுவார்கள். இதில் எண்ணே இல்லை. ஆகவே, எண்ணைப் படிப்பதில் வரும் பிழையும் நாடாவின் பிழையும் இல்லை. அளப்பதைவிட ஒப்பிடுவது துல்லியமானது என்னும் ஆய்வுக்கூடத் தத்துவம் பட்டறையிலும் வழங்குகிறது.

வரிசையாக நான்கு கதவுகள் இருந்தால், பிழைகள் எப்படிச் சேரும்? ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிழை எனில், எல்லாம் ஒரே பக்கம் சாயும்போது மொத்தம் 2 மி.மீ. ஆகும். நாடாவே தவறானால் இப்படித்தான் ஆகும். இது முறையான பிழை. ஆனால், பிழைகள் ஒன்றையொன்று சாராமல், சில கூடியும் சில குறைந்தும் வந்தால், பெரும்பாலும் அவை ஓரளவு தம்முள் கழிந்துபோகும். எதிர்பார்க்கத்தக்க மொத்தப் பிழை நான்கின் வர்க்கமூலமாகிய 2-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 1 மி.மீ. மட்டுமே. இது தற்செயல் பிழை.

கண் என்னும் கருவி

இனி, கதவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நம் கண்ணுக்கு வருவோம். அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே காண, அவை நம் கண்ணில் ஒரு பாகைத்துளி, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, கோண இடைவெளியாவது கொண்டிருக்க வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.3 மி.மீ. ஆகும். ஆனால், ஒரே நேர்கோட்டில் வரவேண்டிய இரு கோடுகள் சற்றே விலகி நின்றால், பத்து வினாடிக் கோண விலகலைக்கூட நல்ல கண் கண்டுபிடித்துவிடும். ஒரு மீட்டர் தொலைவில் அது வெறும் 0.05 மி.மீ.

இத்திறமையைப் பயன்படுத்தும் கருவியே மாணவர்கள் நன்கறிந்த வெர்னியர் அளவுகோல். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் வெர்னியர் இதனை 1631-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் நாம் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேர்படுகிறது என்று மட்டும் பார்க்கிறோம். மற்றதைக் கண் தானே செய்துவிடுகிறது.

இதிலிருந்து தச்சு வேலைக்கு ஓர் அரிய பாடம் கிடைக்கிறது. சந்து 2 மில்லிமீட்டரா, இரண்டரையா என்று கண்ணால் சொல்வது கடினம். ஆனால், பக்கத்துப் பக்கத்துக் கதவுகளின் மேல்விளிம்புகள் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கி நின்றால், எவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும். சந்து மேலே குறுகிக் கீழே அகன்றாலும் அப்படித்தான். ஆகவே, கவனம் முழுவதையும் சந்தைச் சிறிதாக்குவதில் செலவிடுவதைவிட, சந்து எங்கும் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

கீலும் நெம்புகோலும்

கதவின் கீழ்மூலை நாளடைவில் தொங்குவது ஏன்? 6 கிலோகிராம் எடையுள்ள 400 மி.மீ. அகலக் கதவின் எடை, கீலிலிருந்து 200 மி.மீ. தள்ளி அதன் நடுவில் செயல்படுகிறது. கீல்கள் இரண்டுக்கும் இடைவெளி 800 மி.மீ. என்றால், மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 6 × 200 ÷ 800 = 1.5 கிலோகிராம் எடை. கீழ்க் கீலை அதே அளவு விசை உள்ளே அழுத்தும். கீல்களை நெருக்கி 400 மி.மீ. இடைவெளியில் வைத்தால் இவ்விசை இரு மடங்காகும். கீல்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது.

உயரம் குறைந்து அகலம் மிகுந்த கதவு இன்னும் தொல்லை தரும். அகலம் 600 மி.மீ., கீல் இடைவெளி 300 மி.மீ. என்றால், மேல் கீல் 1 மி.மீ. தளர்ந்தால் கதவின் வெளிமூலை 2 மி.மீ. இறங்கும். இதே நெம்புகோல் தத்துவத்தை நமக்கு உதவியாகவும் திருப்பலாம். கீழ்க் கீலின் பின்னால் ஓர் அட்டைத்துண்டை வைத்துத் திருகினால், இறங்கிய மூலை மேலே ஏறும். இக்காலத்தில் கதவின் உட்புறம் 35 மி.மீ. வட்டக் குழியில் பதிக்கப்படும் மறைகீல்களில் இந்த வசதி கூடவே வருகிறது. அவற்றிலுள்ள திருகுகளைத் திருப்பிக் கதவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். பிழையே வராமல் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, வந்த பிழையைத் திருத்த வழிவைத்த சிந்தனை இது.

எங்கே நிறுத்துவது?

இப்போது நம்மால் ஒரு வரவுசெலவுத் திட்டமே போட முடியும். சட்டமும் பலகையுமாகச் செய்த கதவுக்குக் கோடையில் 2 மி.மீ. சந்து விடுகிறோம். அதில் 1 மி.மீ. மழைக்காலத்துக்கு, அரை மி.மீ. திறக்கும்போது மூலைக்கு, மீதி அரை மி.மீ. அளவுப் பிழைக்கும் கைப்பிழைக்கும். இதே கதவை மழைக்காலத்தில் மாட்டினால் 1 மி.மீ. சந்தே போதும், கோடையில் அது தானே இரண்டாகிவிடும். எந்த மாதத்தில் மாட்டுகிறோம் என்று தெரியாமல் சந்தின் அளவைச் சொல்வது பொருளற்றது.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் வெர்னியரால் 3.42, 3.43, 3.43 செ.மீ. என மூன்று முறை அளந்துவிட்டு, சராசரியை 3.4266667 செ.மீ. என்று எழுதுவதைப் பார்க்கிறேன். கருவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ.; கடைசி ஐந்து இலக்கங்கள் கணிப்பான் தந்தவை, கோல் தந்தவை அல்ல. அவற்றால் விடை நுட்பமாகிவிடவில்லை, பொய்யாகிவிட்டது. கால் மில்லிமீட்டர் சந்து கேட்ட வீட்டுக்காரரும் இதையே செய்தார். பருவத்துக்குப் பருவம் 3 மி.மீ. மாறும் ஒரு பொருளிடம் கால் மில்லிமீட்டர் ஒழுங்கை எதிர்பார்த்தார்.

கணிப்பொறி இயக்கும் வெட்டு எந்திரங்கள் இன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் பலகையை வெட்டித் தருகின்றன. அவ்வளவு நுட்பமாக வெட்டிய பலகையும் ஐப்பசி மழையில் பருக்கவே செய்யும். நிறைவான வேலை வேண்டும் என்ற ஆசை நல்லதே. அந்த ஆசையை எங்கே செலுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் திறமை: நன்கு உலர்ந்த மரம், சம நீளமுள்ள மூலைவிட்டங்கள், சீரான சந்து, உறுதியான கீல் என்னும் இந்நான்கிலும் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும்.

நீங்களே செய்து பாருங்கள்

எழுதும் தாள் நூறை அடுக்கி, அதன் கனத்தை அளந்து நூறால் வகுத்து ஒரு தாளின் கனத்தைக் காணுங்கள், ஏறத்தாழ 0.1 மி.மீ. வரும். உங்கள் வீட்டு மர அலமாரியின் சந்தில், குறித்த ஓர் இடத்தில், எத்தனை தாள்கள் இறுக்கமில்லாமல் நுழைகின்றன என்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணிக் குறித்து வாருங்கள். அன்றன்றைய ஒப்பு ஈரப்பதத்தையும் செய்தித்தாளிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிவில் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். ஈரப்பதம் ஏறிச் சில நாள்கள் கழித்தே சந்து குறுகுவதையும், மழை ஓய்ந்தபின் அது மெல்ல மெல்லத் திரும்புவதையும் காண்பீர்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் தச்சு வேலை நடக்கும்போது, அந்த வரைபடத்தை ஆசாரியாரிடம் காட்டி, எவ்வளவு சந்து விடலாம் என்று கேளுங்கள். அவர் கை அறிந்ததும் உங்கள் தாள் காட்டுவதும் ஒன்றாக இருக்கக் காண்பீர்கள்.